பூட்டிய வீட்டுக்குச் சராசரி

மின்சார அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் 'சராசரி சார்'. முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவருக்கு வேறு எத்தனையோ பட்டப்பெயர் கிடைத்திருக்கலாம். மூன்று தடவை நாய்க்கடி வாங்கியிருக்கிறார்; அதை வைத்துக்கூட ஏதாவது யோசித்திருக்கலாம். ஆனால் அவருடைய கெட்டிக்காரத்தனம் பூட்டிய வீட்டு வாசலில்தான் வெளிப்பட்டது. மீட்டர் உள்ளே, பூட்டு வெளியே, ஆள் ஊரிலேயே இல்லை என்றால் முந்தைய மூன்று ரீடிங்கைக் கூட்டி மூன்றால் வகுத்துச் சராசரி போட்டுவிட்டுப் போகலாம் என்பது அலுவலக விதி. மற்றவர்கள் வகுத்துவிட்டுப் போனார்கள். இவர் நின்று பார்ப்பார். செருப்பு எத்தனை ஜோடி கிடக்கிறது, பூட்டில் எவ்வளவு தூசு, ஜன்னல் கொக்கி போட்டிருக்கிறதா, கொடியில் ஏதாவது துணி மறந்து காய்கிறதா என்று எல்லாம் பார்த்துவிட்டு ஓர் எண் எழுதுவார். வீட்டுக்காரர் திரும்பி வந்து பார்த்தால் நாலைந்து யூனிட் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் உண்டு. மூன்று தடவைக்கு மேல் சராசரி கூடாது. நாலாவது தடவையும் பூட்டியே கிடந்தால் 'குடியில்லை' என்று எழுதி, கதவில் சீட்டு ஒட்டிவிட வேண்டும். ஊரார் வீட்டில் ஒரு நாள்கூட இந்த விதியை மீறாத மனிதர், சொந்த வீட்டில் மூன்று வருடம் மீறிக்கொண்டிருந்தார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்பு அந்த வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. டிவியில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி வைத்துவிட்டுப் போனது. ஊரில் லட்சம் வீடு இருந்தால் ஏதோ சில வீட்டில் மட்டும் வைப்பார்களாம். அந்தச் சில வீட்டுக்காரர்கள் பார்ப்பதை வைத்துத்தான் எந்த நிகழ்ச்சிக்கு நடுவே எந்தச் சோப்பை விற்பது என்று பெரிய பெரிய ஆட்கள் முடிவு செய்வார்களாம். வீட்டில் ஆளுக்கு ஓர் எண். உட்கார்ந்தால் ரிமோட்டில் தன் எண்ணை அமுக்க வேண்டும், எழுந்தால் மறுபடி அமுக்க வேண்டும். பெட்டியின் நெற்றியில் அந்த எண்ணுக்குப் பச்சை விளக்கு எரிந்து அணையும். அவர் ஒன்று, மனைவி இரண்டு, மகள் மூன்று. வீட்டில் பெட்டி இருப்பதை வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

"ஊர்ல இருக்கிற மீட்டரையெல்லாம் எட்டிப் பாத்தீங்களே, இப்ப நம்மள எட்டிப் பாக்க ஆள் வந்தாச்சு" என்று மனைவி சிரித்தாள்.

அவளுக்குப் பொத்தான் அமுக்குவது பிடிக்கவில்லை. ஆரம்பத்திலிருந்தே அவளுக்கும் சேர்த்து இவர்தான் அமுக்கினார். அடுப்படியிலிருந்து வரும்போதே "ரெண்டு" என்று குரல் கொடுப்பாள், இவர் அமுக்குவார். எழுந்து போகும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள். இவரே பார்த்து அணைப்பார். உலகத்தில் எல்லாரும் விளம்பரம் வந்தால் எழுந்து போவார்கள், அவள் விளம்பரம் வந்தால் ஓடி வருவாள். தொடர் ஆரம்பித்ததும் போய்விடுவாள். கேட்டால், "சீரியல்ல எல்லாரும் அழறாங்க. விளம்பரத்துலதான் நாலு பேரு சிரிச்ச முகமா இருக்காங்க" என்பாள். இவர் அதை ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, விளக்கைச் சரியான நேரத்தில் போட்டு அணைப்பதில் கவனமாக இருந்தார்.

மகள் கல்யாணமாகிக் கடல் கடந்து போனாள். கம்பெனிக்கு முறைப்படி சொல்லி மூன்றாம் எண்ணை எடுத்தார்கள். அப்புறம் மகளுக்குப் பிரசவம் என்று மனைவி கிளம்பினாள். ஆறு மாதம் என்றாள். பிள்ளை தவழட்டும், நடக்கட்டும், பள்ளிக்கூடம் சேரட்டும் என்று அந்த ஆறு மாதம் நீண்டுகொண்டே போனது. ஒரு மாதத்துக்கு மேல் வெளியூர் போகிறவர்களைப் பற்றிக் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். இவர் சொல்லவில்லை.

அவள் போன அன்று மாலை பழக்க தோஷத்தில் விரல் இரண்டை அமுக்கிவிட்டது. பச்சை விளக்கு எரிந்தது. உடனே அணைத்திருக்கலாம். பூட்டிய வீடு, ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், சராசரி போட்டால் தப்பில்லை என்று அவருக்குள் இருந்த ரீடிங்காரர் சொன்னார். அன்றிலிருந்து ஏழு மணிச் செய்திக்கு முன்னால் வரும் விளம்பரத்துக்கு இரண்டு எரியும். தலைப்புச் செய்தி முடிந்ததும் அணையும். தொடரின் முதல் இடைவேளைக்கு எரியும், அழுகை ஆரம்பித்ததும் அணையும். ஒன்பது மணிக்கு அவள் கொட்டாவி விடும் நேரத்துக்கு ஒரேயடியாக அணையும். பெண்டாட்டி எதிரில் இருந்தபோதுகூட மனிதர் இவ்வளவு கவனமாக அவளைப் பார்த்ததில்லை. விளக்கு எரியும்போது மட்டும் பக்கத்து நாற்காலியில் துவைத்த துணியைக்கூட வைக்க மாட்டார்.

அந்த வீட்டுக்குள் வெளி ஆள் என்று கால் வைப்பது மாதம் ஒரு தடவை வரும் கம்பெனிப் பெண் மட்டும்தான். முப்பது வயதிருக்கும். பெட்டியின் ஒயரைச் சரிபார்ப்பாள், விளக்கைத் துடைப்பாள், "வீட்ல அம்மா இல்லையா சார்?" என்று கேட்பாள். கடைக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள், தலைவலி என்று படுத்திருக்கிறாள் என்று ஒவ்வொரு மாதமும் ஒரு பதில் தயாராக வைத்திருப்பார். போன மாதம் சொன்னதை இந்த மாதம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகக் காலண்டரின் பின்பக்கம் குறித்தும் வைத்தார். அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பார். அவள் இருபது நிமிடம் இருப்பாள். அந்த இருபது நிமிடத்துக்காக முந்தைய நாளே சட்டையை இஸ்திரி போடுவார். தனியாக இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிக்க மாட்டார்கள்.

மனைவி தினமும் போன் செய்தது வாரம் இரண்டு தடவையாகி, ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நின்றது. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்பாள். சொல்ல வேறு விஷயம் இல்லாததால் இவர் தொடரின் கதையைச் சொல்வார். "அதையா இன்னும் பாக்கறீங்க? எல்லாம் ஒரு நிமிஷத் துண்டா போன்லயே வந்துடுதே" என்று சொல்லிவிட்டாள் ஒரு தடவை. அதன் பிறகு கதை சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை கம்பெனிப் பெண் வந்தபோது டீயைக் கையில் வைத்துக்கொண்டே புதுச் செய்தி சொன்னாள். டிவிப் பெட்டியை மட்டும் நம்பி இனி யாரும் விளம்பரம் கொடுப்பதில்லையாம். டிவி எதிரில் உட்கார்ந்தாலும் ஜனங்களின் கண் கையிலிருக்கும் போனில்தான் இருக்கிறதாம். அதனால் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் போனிலும் ஓர் ஆப் போட வேண்டும். எந்த விளம்பரத்தை முழுதாகப் பார்க்கிறார்கள், எதை ஐந்தாவது நொடியில் தள்ளிவிடுகிறார்கள் என்று அது எண்ணிக்கொள்ளும். பெட்டியில் யாருடைய எண் எரிகிறதோ அவருடைய போனும் அதே வீட்டில் இருக்கிறதா என்றும் அது பார்த்துக்கொள்ளும்.

"வியாழக்கிழமை வரேன் சார். அம்மாவ கண்டிப்பா இருக்கச் சொல்லுங்க. அவங்க போன்லயும் போடணும், கையெழுத்தும் வேணும்."

அவர் தலையாட்டினார். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு ரொம்ப நேரம் கதவருகிலேயே நின்றார். இன்னொரு போன் வாங்கி நாற்காலியில் வைத்துவிடலாமா என்று யோசித்தார். கையெழுத்துக்கு எங்கே போவது? முப்பத்தோரு வருடம் கள்ள மீட்டரைக் கண்டுபிடித்து எழுதியவர், தன் வீட்டில் கள்ள ரீடிங் ஓடுவதை முதல் தடவையாக அதன் பெயர் சொல்லி நினைத்துப் பார்த்தார். பிடிபடுவதைப் பற்றி அவருக்குப் பெரிய பயம் இல்லை. இரண்டாம் எண்ணை எடுத்துவிட்டால் அவள் நிஜமாகவே போய்விட்டாள் என்றாகிவிடும். பயம் அதில்தான்.

புதன்கிழமை காலை அவரே போன் செய்தார். அங்கே மாலை நேரம். மனைவி அவசரத்தில் இருந்தாள். மகள் வீட்டுச் சாமான்களைப் பற்றி வீடியோ போட்டு நாலு பேருக்குத் தெரிந்தவளாகியிருந்தாள். அதில் அம்மாவின் கையும் குரலும் அடிக்கடி வந்ததில், பாத்திரம் கழுவும் சோப்புக் கம்பெனி ஒன்று தேடி வந்துவிட்டதாம். "நடிகை வேண்டாமாம். பாத்திரம் தேச்ச கைதான் வேணுமாம். இப்ப ஜனங்க அதைத்தான் நம்பறாங்களாம்" என்று சிரித்தாள். இங்கேயும் அந்த விளம்பரம் போனில் வரும் என்றாள்.

"நீ எப்ப வர்ற?" என்று கேட்டார். மூன்று வருடத்தில் இப்படி நேராகக் கேட்டது அதுவே முதல் தடவை.

என்ன திடீரென்று என்றாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பொத்தான், பச்சை விளக்கு, ஏழு மணி, இடைவேளை, கொட்டாவி எதையும் விடவில்லை. முதலில் அவள் சிரித்தாள். "நான் இல்லாமலே நான் அங்க டிவி பாத்துக்கிட்டு இருக்கேனா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. பின்னால் மகள், வீடியோவுக்கு லைட் போட்டாயிற்று வா என்று கூப்பிட்டது கேட்டது. இரு வருகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு மனைவி போனுக்குத் திரும்பினாள்.

"இங்க பாருங்க, நான் வரப்போறதில்ல. கோவத்துல சொல்லல. இங்க காலையில எந்திரிச்சா வேலை இருக்கு, பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கு. அங்க வந்தா நீங்க ஒரு மூலை, நான் ஒரு மூலை. நான் எத்தன மணிக்கு எந்திரிச்சேன், எத்தன மணிக்கு உக்காந்தேன்னு இவ்வளவு சரியா தெரிஞ்சிருக்கே, ஏன் எந்திரிச்சுப் போனேன்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

அவர் கேட்டதில்லை. அழுகிற தொடர் அவளுக்கு ஏன் ஆகாது, அடுப்படியில் தனியாக என்ன செய்தாள் என்று கேட்கத் தோன்றவே இல்லை. ரீடிங் எடுக்கிறவன் வீட்டுக்காரரிடம் ஏன் இவ்வளவு மின்சாரம் செலவானது என்று கேட்பதில்லை. அந்தப் புத்தியிலேயே குடும்பமும் நடத்திவிட்டார்.

"அந்த நம்பர எடுத்துடுங்க" என்றாள். குரல் தணிந்திருந்தது. மாத்திரையை மறக்க வேண்டாம் என்றாள். நீங்களும் கிளம்பி இங்கே வந்துவிடுங்களேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். அவள் அதைச் சொல்லவில்லை. லைட் காத்திருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கம்பெனிப் பெண் வந்தபோது டீக்குக்கூடக் காத்திருக்காமல் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவள் ஆச்சரியப்படவில்லை. வாசல் பக்கம் பார்த்தாள்.

"தெரியும் சார். அந்த லேடீஸ் செருப்பு மூணு வருஷமா நகரல. மேல தூசு படிஞ்சு கிடக்கு."

அவருக்கு முகத்தில் அசடு வழிந்தது. ஊர் வாசலிலெல்லாம் செருப்பைப் படித்தவர், தன் வாசல் செருப்பை ஒருத்தி படிப்பாள் என்று நினைக்கவில்லை.

"ஆபீஸ்லயும் சந்தேகம் வந்தாச்சு. மனுஷங்கன்னா ஒரு நாளாவது கிறுக்குத்தனமா ஏதாவது பண்ணுவாங்க சார். நடுப்பகல்ல டிவி போடுவாங்க, பிடிக்காதத பிடிவாதமா பாப்பாங்க. உங்க ரெண்டாம் நம்பர் மூணு வருஷத்துல ஒரு நாள்கூட மாறல."

பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள், இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்றுதான் அவர் நினைத்தார். அதற்கும் மனத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் அவள் பையிலிருந்து புதிய படிவம் ஒன்றை எடுத்தாள். மேலே பேசிவிட்டேன் என்றாள். இரண்டாம் எண்ணின் மூன்று வருடக் கணக்கை அழித்துவிடுவார்களாம். ஒன்றாம் எண் ஒழுங்காக இருப்பதால் அது இருக்கட்டுமாம். இப்போது தனியாக இருக்கிறவர்கள் வீட்டைத்தான் கம்பெனி வலை போட்டுத் தேடுகிறதாம். போனில் அதிகம் பார்க்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அவர்கள்தானாம். ஆனால் யாரைக் கேட்டாலும் தனியாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்வதில்லையாம்.

"வீட்ல எத்தன பேரு சார்?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டாள். பதில் தெரிந்திருந்தும் கேட்டாள். அவர் வாயால்தான் வர வேண்டும்.

"ஒருத்தர்" என்றார்.

அவள் எழுதினாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவின் பக்கம் அவர் திரும்பவில்லை. ரிமோட்டில் இரண்டாம் எண்ணை அவள் ஏதோ அமுக்கி எடுத்துவிட்டாள். அவர் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். அன்று மாலை ஏழு மணிக்கு விரல் தானாக இரண்டுக்குப் போனது, அமுக்கினார், விளக்கு எரியவில்லை. எழுந்து போய் மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் செய்தி நேரத்தில் டிவியை அணைத்தார். அப்படியே அடுப்படிக்குப் போய், டீ போடுவதற்கில்லாமல் சும்மா நின்றார். அங்கிருந்து டிவி தெரியாது, வாசல் தெரியாது. எதிரில் ஒரு சுவரும் குழாயும்தான். முப்பது வருடமாக அவள் எங்கே எழுந்து போனாள் என்று அன்றுதான் பார்த்தார்.

சோப்பு விளம்பரம் எப்படி வரும் என்று, கம்பெனிப் பெண் கிளம்பும்போதே அவளிடம் கேட்டு வைத்திருந்தார். எதற்காகக் கேட்கிறார் என்று சொல்லவில்லை. கூப்பிட்டால் விளம்பரம் வராது, நீங்கள் எதைப் பார்க்கிறீர்களோ அதற்கேற்ற விளம்பரம் தானாகத் தேடி வரும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஆகவே மனிதர் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கும் வீடியோவாகப் பார்க்க ஆரம்பித்தார். கருகிய அடிப்பாகம், எண்ணெய்ப் பிசுக்கு, டீக்கறை என்று ஒன்றுவிடாமல் பார்த்தார். மனைவி இருந்தவரை ஒரு டம்ளர் கழுவி வைக்காதவர், எலுமிச்சைத் தோலுக்கும் உப்புக்கும் உள்ள வித்தியாசம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். அடுப்பு விளம்பரம் வந்தது, கையுறை விளம்பரம் வந்தது, யாரோ மூட்டுவலித் தைலம் விற்றார்கள். எல்லாவற்றையும் ஐந்தாவது நொடியில் தள்ளிவிட்டார். ஒன்பதாவது நாள் காலை போனில் மனைவி வந்தாள்.

கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலைமுடியைத் தோள்வரை வெட்டியிருந்தாள். நுரைக் கையோடு நேராக இவரைப் பார்த்து, "எங்க வீட்ல நாங்க நாலு பேரு. பாத்திரம் மட்டும் நாப்பது" என்றாள். மகள், மருமகன், பிள்ளை, அவள். இவர் விரல்விட்டு எண்ணினார். நாலு சரியாக இருந்தது. அவள் அந்த நாலைச் சொல்லி முடிக்கவும் மூலையில் 'தவிர்' என்ற பொத்தான் வரவும் சரியாக இருந்தது. அந்த நாலில் இவர் இல்லை. ஆனாலும் இவர் அமுக்கவில்லை. ஒன்பதாவது நொடியில் அவள் சிரித்தாள். அப்படி அவள் வாய்விட்டுச் சிரித்து இந்த வீட்டில் அவர் பார்த்ததாக நினைவில்லை. இருபதாவது நொடியில் விளம்பரம் முடிந்து, யாரோ ஒருவர் கருகிய சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தார்.

அடுத்த மாதம் கம்பெனிப் பெண் வந்தாள். செருப்பு இருந்த இடம் துடைத்து வெறுமையாக இருந்ததைப் பார்த்தாள். டீ குடித்துவிட்டு அவர் போனை வாங்கி எதையோ தட்டிப் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"சார், உங்க போன்ல ஏதோ கோளாறு மாதிரி தெரியுது. ஒரே சோப்பு விளம்பரம், நூத்திப் பதினாலு தடவ வந்திருக்கு. ஒரு தடவகூட நீங்க தள்ளிவிடல, கடைசிவரைக்கும் ஓடியிருக்கு. யாரும் விளம்பரத்த இப்படிப் பாக்க மாட்டாங்கன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. இந்த மாசத்துக்கு மட்டும் சராசரி போட்டுக்கலாமான்னு கேக்கச் சொன்னாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சராசரி வேண்டாம்மா" என்றார். "போன் நல்லாத்தான் இருக்கு. ஆள் இருந்து பாத்ததுதான் எல்லாம். சரியான ரீடிங், அப்படியே எழுதிக்குங்க."